ஒரு சின்ன வேலைதானே!

தோட்டத்து நண்பர்களே, குலை வெட்டப் போகிறவர் முதல் நாள் மாலையிலேயே அரிவாளைத் தீட்டி வைத்துக்கொள்கிறார். மருந்தடிக்கப் போகிற பெண்கள் கையுறை கிழிந்திருந்தால் மண்டோரிடம் சண்டை பிடித்தாவது வேறு வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால், "ஸ்டோர்ல கூரை ஒழுகுது, ஒரு ஷீட்டு மாத்தணும், கொஞ்சம் ஏறிப் பாருப்பா" என்று யாராவது சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? கால்சட்டையை மடித்து விட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறிவிடுகிறோம். ஏனென்றால் அது சின்ன வேலை!

அன்றாட வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. கற்றுக் கொடுத்தவர் இருக்கிறார், கருவி இருக்கிறது, செக்ரோலில் பெயர் இருக்கிறது. சின்ன வேலைக்கு இவை எதுவுமே கிடையாது. ஸ்டோரிலும் ஏணியிலும் கூரையிலும் நம்மவர்கள் அடிபட்டதை நான் பார்த்த வரையில், பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன வேலைகளில்தான் பார்த்திருக்கிறேன்.

1983-ஆம் ஆண்டு, நவம்பர் மாதம். தாப்பாவுக்கு அருகே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம், அந்தத் தோட்டமே இன்று கைமாறி, மரம் மாறி, லயங்களும் போய்விட்டன. எனக்கு அப்போது பதினேழு வயது. மழைக்காலத்தில் உர ஸ்டோரின் கூரை ஒழுகி மூட்டைகள் நனைந்துகொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்த மாமாவிடம் மண்டோர் வந்தார். (சொந்த மாமா அல்ல, பக்கத்து வீட்டுக்காரர். லயத்தில் யார்தான் சொந்தமில்லை!) "ஒரு சின்ன வேலைதான், அரை மணி நேரம். ஒரு ஷீட்டு ஒடைஞ்சு கெடக்கு, மாத்திட்டு வந்திடலாம்" என்றார். மாமா மறுக்கவில்லை. ஏணி பிடிக்க என்னையும் கூட்டிப் போனார்.

மூங்கில் ஏணி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மாமா ஏறி, உடைந்த ஷீட்டை நோக்கி நான்கு எட்டு வைத்தார். ஐந்தாவது எட்டை நல்ல ஷீட் என்று நம்பி வைத்தார். பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். நான் அண்ணாந்து பார்த்தபோது கூரையில் ஆள் இல்லை.

உள்ளே சிமெண்டுத் தரை. மாமா நினைவோடுதான் கிடந்தார். "கால் எங்கடா இருக்கு?" என்று என்னைக் கேட்டார். ஓடி வந்தவர்களும் நானுமாக நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி லோரியில் கிடத்தினோம். முதுகெலும்பில் அடிபட்டவரை அப்படித் தூக்கக் கூடாது என்பது எனக்குப் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு போனது விழுந்ததாலா, நாங்கள் தூக்கியதாலா? இதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. கேள்வி மட்டும் என்னோடு இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கொடுமை. பெரட்டுக் கூப்பிடாத நாள் அது. செக்ரோலில் எழுதாத வேலை. மாமி ஆப்பீசுக்குப் போய்க் கேட்டபோது, வேலை நேரத்தில் நடந்த விபத்து இல்லையே என்று கையை விரித்தார்கள். கூப்பிட்ட மண்டோரோ, "நான் எங்க கூப்பிட்டேன், அவரா வந்து ஏறினாரு" என்று சொல்லிவிட்டார். பதினேழு வயதுப் பையன் பேச்சை யார் கேட்டார்கள்? சொக்சோவுக்கு எந்தப் பாரமும் போகவில்லை. மாமி தனியாகப் பால் வெட்டி மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார்.

பத்தடி என்பது எவ்வளவு?

ஸ்டோர் கூரையின் தாழ்வாரம் ஏறக்குறைய பத்தடி இருக்கும். "பத்தடிதானே, குதிச்சாக்கூட ஒண்ணும் ஆகாது" என்பார்கள் நம் இளவட்டங்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தடி உயரத்திலிருந்து விழுகிறவர் தரையைத் தொட ஒரு விநாடிகூட ஆகாது. தரையில் மோதும்போது அவருடைய வேகம் மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஓடுகிற மோட்டார் சைக்கிளிலிருந்து, ஹெல்மெட் இல்லாமல், சிமெண்டுத் தரையில் தலைகுப்புற விழுவதற்குச் சமம். கூரையின் நடு முகடு இருபதடி என்றால் வேகம் 39 கிலோமீட்டர்.

நம் நாட்டில் ஆலைகளுக்காக 1970-இல் வந்த பாதுகாப்பு விதிகளிலேயே இந்தப் பத்தடிக் கணக்கு இருந்தது. பத்தடிக்கு மேல் விழக்கூடிய இடத்தில் ஒருவரை வேலை செய்ய வைத்தால், அவர் விழாமலிருக்க வழி செய்து கொடுக்க வேண்டும் என்றது விதி. மாமா விழுந்ததற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்திய விதி அது. எங்கள் ஸ்டோர்ப் பக்கம் அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தகரம் மிதித்தால் வளையும், முனகும், எச்சரிக்கை கொடுக்கும். ஆஸ்பெஸ்டாஸ் அப்படியல்ல. அது நாரும் சிமெண்டும் கலந்த பலகை. வெயிலிலும் மழையிலும் ஆண்டுக் கணக்கில் கிடந்து உள்ளுக்குள் உளுத்துப்போய், வெளியே பாசி படிந்து திடமாகத் தெரியும். கால் வைத்தால் ஒரேயடியாக உடையும். 'ஆணி அடிச்ச வரிசையிலேயே நடந்தா ஒண்ணும் ஆகாது' என்று பழைய ஆட்கள் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். அது சரியல்ல. பாசியில் ஒரு கால் வழுக்கினால் போதும், ஆணி வரிசை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். வெளிச்சத்துக்காக நடுவில் பதிக்கும் பிளாஸ்டிக் ஷீட் இன்னும் மோசம். நாலு வருட அழுக்கு ஏறியபின் எது பிளாஸ்டிக், எது ஆஸ்பெஸ்டாஸ் என்றே தெரியாது.

அப்படியானால் உடைந்த ஷீட்டை மாற்றுவதே இல்லையா? மாற்றலாம். முடிந்தவரை உள்ளிருந்து, உறுதியான மேடை கட்டி, கீழிருந்தே கழற்றி மாற்றுவதுதான் நல்லது. மேலே போய்த்தான் ஆக வேண்டுமென்றால், குறுக்குச் சட்டங்களின்மேல் தாங்கும்படி நீளப் பலகைகளைப் போட்டு, பலகையை விட்டுக் கால் இறங்காமல் வேலை செய்ய வேண்டும். பாதுகாப்பு வார் கட்டிக்கொள்வது நல்லது, ஆனால் அதை எதில் மாட்டுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. ஷீட்டோடு வந்துவிடும் ஆணியில் மாட்டிய வாரும் ஒன்றுதான், வாரே இல்லாததும் ஒன்றுதான். இன்னொன்று: அந்த ஷீட்டை ரம்பம் போட்டு அறுக்காதீர்கள், காய்ந்த நிலையில் உடைக்காதீர்கள். அதன் தூசி நுரையீரலில் போய்த் தங்கி, இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நோயாக வெளிவரும்.

ஏணிக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. நாலுக்கு ஒன்று. ஏணி சாயும் இடம் 12 அடி உயரமென்றால் அடிக்கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். அதைவிட நெருங்கினால் பின்பக்கம் சாயும், தள்ளிப்போனால் கால் சறுக்கும். தலைமாட்டைக் கயிற்றால் கட்ட வேண்டும். ஏறி இறங்கும் இடத்துக்கு மேலே மூன்றடியாவது ஏணி நீண்டிருக்க வேண்டும், பிடித்துக்கொள்ள. ஏணிக்குச் சாயம் அடித்து அழகாக வைத்திருப்பார்கள் சிலர். விரிசலைச் சாயம் மறைத்துவிடும். ஏணி பிடிப்பவன் மேலே இருப்பவரைத் தாங்கிப் பிடிக்க முடியாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மூட்டையும் மருந்தும்

ஸ்டோருக்குள்ளே வருவோம். ஓர் உர மூட்டை 50 கிலோ. பத்துப் பன்னிரண்டு மூட்டை உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். மேலே இருப்பது யூரியா, உங்களுக்கு வேண்டியது அடியில் கிடக்கும் பொட்டாஷ். என்ன செய்கிறோம்? மேலே உள்ளதை இறக்க நேரமில்லை என்று பக்கவாட்டில் உருவுகிறோம். அடுக்கு அப்போதே விழாது. நாம் உருவிய மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போதுதான் விழும், முதுகுப் பக்கமாக. யூரியா ஈரத்தை இழுக்கும் சரக்கு. ஒழுகும் கூரையின் கீழ் ஒரு பக்கம் நனைந்து கட்டிபிடித்து, மறு பக்கம் இளகி, அடுக்கு தானாகவே சாயும். கூரை ஒழுக்கு உரத்துக்கு மட்டும் கேடு என்று நினைக்கிற பெரிய கிராணிகளுக்கும் இதைச் சொல்லி வைக்கலாம்.

அடுக்கும்போது சுவர்க்கல் கட்டுகிற மாதிரி, கீழ் வரிசையில் இரண்டு மூட்டை சேரும் இடத்தின்மேல் மேல் வரிசை மூட்டை உட்கார வேண்டும். தரையில் நேரே போடாமல் மரப் பலகை போட்டு அதன்மேல் அடுக்க வேண்டும். இறக்கும்போது மேலிருந்து படிக்கட்டுப் போல இறக்க வேண்டும். சுவருக்கும் அடுக்குக்கும் இடையில் ஆள் நுழைந்து நிற்கக் கூடாது. அங்கே நிற்பவருக்கு ஓட வழி கிடையாது.

மருந்துத் தகரங்களைப் பற்றி இந்தப் பகுதியில் முன்பும் எழுதியாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். பாராக்குவாட் இந்த நாட்டில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை செய்யப்பட்டது. பழைய ஸ்டோர் மூலையில் அதன் தகரம் எங்காவது கிடந்தால் அதைத் தொடாமல் ஆப்பீசுக்குச் சொல்லுங்கள். எந்த மருந்தையும் குளிர்பான போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். உரமும் டீசலும் ஒரே கூரையின் கீழ் இருக்கவே கூடாது. அம்மோனியம் நைட்ரேட் என்பது உரம்தான். அதுவே வெடிமருந்தும் ஆகும். 2020 ஆகஸ்டு 4-ஆம் தேதி லெபனான் நாட்டு பெய்ரூட் துறைமுகத்தில் பல ஆண்டுகளாகக் கிடங்கில் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட், பக்கத்தில் பிடித்த தீயால் வெடித்து இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவ்வளவு தூரம் போவானேன், சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலையை நம்மவர்கள் மறந்திருக்க முடியாது. 1991 மே 7-ஆம் தேதி அங்கே மூண்ட தீயிலும் வெடிப்பிலும் இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காயம்பட்டோர் நூற்றுக்கு மேல்.

உயரம் என்றவுடன் கூரையை மட்டும் நினைக்க வேண்டாம். தரையில் நின்றுகொண்டே உயரத்தால் சாகலாம். செம்பனை வளர வளர, குலை வெட்டும் அலுமினியக் கம்பும் நீண்டுகொண்டே போகிறது. மட்டை வழி மறைக்க, அண்ணாந்து குலையையே பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணுக்கு மின்கம்பி தெரியாது. அலுமினியத்துக்கு மின்சாரம் என்றால் மெத்தப் பிரியம். உயரழுத்தக் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. மிக நெருங்கினாலே தாவும். 'மரக்கம்புதானே' என்று இருக்கவும் வேண்டாம், மழையில் நனைந்த மரமும் மின்சாரத்தைக் கடத்தும். கம்பி ஓரத்து மரங்கள் எவை என்று முன்கூட்டியே அடையாளம் போட்டு வைப்பது நிர்வாகத்தின் கடமை. அடையாளமில்லாத மரத்தில் கம்பை நிமிர்த்தும் முன் ஒரு தடவை கம்பியைத் தேடுங்கள். கம்பை நட்டமாகத் தூக்கிக்கொண்டு நடக்கவும் வேண்டாம்.

இன்று நம் தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் தோட்டத்தில் இல்லை. தாப்பாவிலிருந்தும் பீடோரிலிருந்தும் ஈப்போவுக்கும் ஷா ஆலமுக்கும் போய்க் கிடங்குகளில் சரக்கு ஏற்றி இறக்குகிறார்கள். அங்கே ஸ்டோர் பெரிசு, அடுக்கு உயரம், ஆனால் 'சின்ன வேலை' அங்கேயும் உண்டு. என் அக்காள் மகன் ஈப்போவில் ஒரு கிடங்கில் இருக்கிறான். தீபாவளிக்கு வந்தபோது கைபேசியில் ஒரு படம் காட்டிச் சிரித்தான். போர்க்லிப்ட் வண்டியின் இரண்டு முட்கள்மேல் ஒரு மரப் பலகை, அதன்மேல் இவன், பதினைந்தடி உயரத்தில், மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டிருக்கிறான். "மேல ஒரு பெட்டி மாட்டிக்கிச்சு மாமா, ரெண்டு நிமிஷ வேலை" என்றான்.

எனக்கு அந்த அப்பளச் சத்தம் கேட்டது.

சரக்குப் பலகை மனிதனைத் தூக்குவதற்கு உண்டானதல்ல. முட்களோடு அது கட்டப்பட்டில்லை. ஓட்டுபவர் கொஞ்சம் பிரேக் அழுத்தினாலும் பலகை நழுவும். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை. ஆளைத் தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் அதற்கென்று செய்த கம்பிக் கூண்டு வேண்டும். அது வண்டியோடு பூட்டப்பட வேண்டும். ஆள் மேலே இருக்கும்வரை ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கக் கூடாது. இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "சொன்னா சூப்பர்வைசர் வேற ஆளக் கூப்பிடுவாரு மாமா" என்றான். அவன் சொன்னதும் பொய்யில்லை. 1983-இல் மாமா மறுத்திருந்தால் மண்டோர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார்.

அன்றைக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994 பிப்ரவரி 25-ஆம் தேதி அமலுக்கு வந்தது. விவசாயமும் சரக்குக் கிடங்குகளும் தொடக்கத்திலிருந்தே அதில் சேர்ந்தவை. அதன் திருத்தங்கள் 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து நடப்பில் உள்ளன. அந்தத் திருத்தத்தில் 26ஏ என்று ஒரு பிரிவு. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. வேலை தொடங்கும் முன்பே ஆபத்தைக் கணித்து வைக்க வேண்டியதும் முதலாளியின் கடமை. ஐந்து பேர், அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பாக ஒருவரை நியமிக்க வேண்டும். நாற்பது பேர் இருந்தால் பாதுகாப்புக் குழுவே அமைக்க வேண்டும். கடமை தவறும் முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் வெள்ளி வரை போகலாம், சிறையும் உண்டு. கொடுத்த தொப்பியையும் வாரையும் போடாமல் மூலையில் மாட்டி வைக்கும் தொழிலாளிக்கும் சட்டத்தில் அபராதம் இருக்கிறது. நம்மவர்களில் சிலர் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சட்டத்தின் பெயரைச் சொல்லி மண்டோரிடம் மல்லுக்கு நிற்க வேண்டும் என்றில்லை. "ஏறுறேண்ணே, பலகை எங்க இருக்கு? வாரை எதுல மாட்டுறது? எம் பேரு செக்ரோல்ல எழுதியாச்சா?" இந்த மூன்றையும் கேளுங்கள். நாலு பேர் காதில் விழும்படி கேளுங்கள். பதில் வராவிட்டால் கீழேயே நில்லுங்கள்.

அப்படியும் ஒருவர் விழுந்துவிட்டால்? தூக்காதீர்கள். மூச்சு இருக்கிறதா பாருங்கள், தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளுங்கள், 999-க்கு அழையுங்கள். மேலே தீயோ சரியும் மூட்டையோ இருந்தாலொழிய அவரை நகர்த்த வேண்டாம். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், எங்கே, எந்த வேலை செய்யும்போது விழுந்தார் என்பதைச் சொல்லி எழுத வையுங்கள். 'விழுந்துட்டாரு' என்று மட்டும் சொன்னால் அப்படித்தான் எழுதுவார்கள். அந்த ஒரு வரி பின்னால் பெரிய வழக்காகிவிடும். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். பார்த்தவர்களின் பெயரை அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த ஷீட்டையும் ஏணியையும் மறுநாளே அப்புறப்படுத்திவிடுவார்கள், அதற்குள் படம் எடுத்துவிடுங்கள். இப்போதுதான் ஆளுக்கொரு கைபேசி இருக்கிறதே!

விபத்து நடந்த நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் எம்.சி. கிடைத்தால், வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு சொக்சோ கொடுக்கும். உயிரே போனால் குடும்பத்துக்கு 90 விழுக்காடு. அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கோ கணவருக்கோ, ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. வேலையிட விபத்துக்கான சந்தாவில் தொழிலாளியின் பங்கு ஒரு காசும் கிடையாது, முழுதும் முதலாளி கட்டுவது. ஆகவே கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில், வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியில் நேரும் விபத்தும் இதில் அடங்கும். பக்கத்தில் வேலை செய்யும் நேப்பாளத் தம்பிக்கும் வங்காளதேசத் தம்பிக்கும் 2019 ஜனவரி முதல் இந்த விபத்துப் பாதுகாப்பு உண்டு. அவர்களுக்கு மொழி தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

மாமிக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. தாப்பாவில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் போயிருந்தபோது இந்தக் கட்டுரையை எழுதப் போவதாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த நாத்திக்கெழம அவரு குளிச்சிட்டுக் கோயிலுக்குப் போவணும்னுதான்டா இருந்தாரு" என்றார்.

அன்று மாலை அக்காள் மகன் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, நீங்க சொன்ன மாதிரி நாலு பேரா சேர்ந்து கேட்டோம். கூண்டு வாங்கிட்டாங்க. ஆனா சாவி ஆப்பீஸ்ல இருக்கு, ஒவ்வொரு தடவையும் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கணும். கால் மணி நேரம் போவுது."

"போகட்டும், வாங்கு" என்றேன்.